கன்னியர்படியில் நாலு வரிசை

ஹில்ட்ரூட் கோல்மனுக்குப் பிடிக்காத சங்கதிகளைச் சொல்ல ஆரம்பித்தால் மோசல் ஆறு ரைனில் போய் விழுகிற வரைக்கும் சொல்லிக்கொண்டே போகலாம். பிடித்தது என்று பார்த்தால் ஒன்றுதான். கன்னியர்படி என்கிற செங்குத்துச் சரிவில் அவள் பங்குக்கு வந்த ரீஸ்லிங் திராட்சைக் கொடிகள், அவற்றிலிருந்து அவள் நிலவறையில் உருவாகிற வெள்ளை வைன். அதையும் பாதி வருஷம் குறை சொல்வாள். மீதிப் பாதி வருஷம் அடுத்தவன் வைனைக் குறை சொல்வாள்.

ரைன்காவ்காரன் வைனா? பிரபு வீட்டுப் பழைய மேலங்கியை ஊறவைத்த தண்ணீர். பாடன் பக்கத்து வைனா? அங்கே அடிக்கிற வெயிலுக்குத் திராட்சையா விளையும், ஜாம்தான் விளையும். சிவப்பு வைன் குடிக்கிறவர்களைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது, பல் கறுத்ததுதான் அவர்கள் கண்ட பலன். ஒருமுறை பெர்லினிலிருந்து பத்திரிகைக்காரன் ஒருவன் வந்தான். கழுத்தில் சால்வை, காலில் மலை ஏறத் தெரியாத செருப்பு. கோப்பைக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடி, “மழையில நனைஞ்ச கல்லோட வாசனை” என்றான்.

“கல்லை மோந்து பாத்திருக்கீங்களா?” என்று ஹில்ட்ரூட் கேட்டாள்.

“அப்படி இல்லை, அது ஒரு…”

“வாசல்ல நிறைய கிடக்கு. போய் மோந்துட்டு வாங்க. நான் எங்கயும் போகலை.”

பாவி மனுஷன் நிஜமாகவே எழுந்து போய்க் குனிந்து மோந்தான். அதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது. ஹில்ட்ரூட் சிரிக்கவில்லை. அவனுக்குச் சிரிப்பு ஒரு கேடா என்று விட்டுவிட்டாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவள் வாய் பொல்லாத வாய், ஆனால் ருசி விஷயத்தில் பொய் பேசாத வாய். அவள் வீட்டுக்காரன் ஆர்னுல்ஃப் கடைசியாகச் செய்த வைனை, ஆள் ஆஸ்பத்திரியில் குழாய் சொருகிப் படுத்திருக்கும்போது, ஒரு சின்னப் புட்டியில் கொண்டுபோய்க் காட்டினாள். “புளிப்பு கொஞ்சம் தூக்கலா நிக்குது” என்றாள். வேறு எவளாக இருந்தாலும் அந்த நேரத்தில் அமிர்தம் என்று சொல்லியிருப்பாள். ஆர்னுல்ஃப் உதட்டில் தொட்டுப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையாட்டினான். சந்தோஷமாகத்தான் தலையாட்டினான். ஊரில் யாருக்காவது தன் பீப்பாயைப் பற்றி உண்மை தெரிய வேண்டுமென்றால், வயிறு எரிந்தாலும் அவளிடம்தான் கொண்டு வருவார்கள்.

அவளுடைய ஏளனத்துக்கெல்லாம் தலைநகரம் என்று ஒன்று உண்டென்றால் அது எக்பெர்ட் ஷூஸ்லர்தான். பள்ளிக்கூடத்தில் அவள் பின்பெஞ்சில் உட்கார்ந்து மூக்கு ஒழுகியவன். இப்போது ஆற்றோரமாக முற்றத்தில் மேஜை போட்டு, கோடை முழுக்க பஸ்ஸில் வருகிற கூட்டத்துக்கு வெங்காயப் பணியாரமும் வைனும் விற்கிறான். வைனா அது? நீலப் புட்டியில் இனிப்புத் தண்ணீர். கிழவிகள் அதில் ஐஸ் கட்டி போட்டுக் குடிப்பார்கள். இவன் தடுக்கமாட்டான், இன்னும் ரெண்டு கட்டி எடுத்துக்கொண்டு ஓடுவான். பிறகு அக்கார்டியனை மாட்டிக்கொண்டு வாசிப்பான். வாசலில் கையில் வைன் கோப்பை பிடித்த குள்ள பொம்மை வேறு.

“அந்தப் பொம்மைக்கு இருக்கற ருசிகூட அவனுக்குக் கிடையாது” என்பாள் ஹில்ட்ரூட். “அதுவாவது கோப்பையைக் கையில வெச்சிருக்கு, குடிக்காம இருக்கு.”

இதெல்லாம் ஆற்றோரத்தோடு நின்றிருந்தால் அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். நிற்கவில்லை. கன்னியர்படியில், அவளுடைய வரிசைகளுக்கு நட்டநடுவில், எக்பெர்ட்டுக்கு நாலு வரிசை இருந்தது. எந்தக் காலத்திலோ நடந்த பாகப்பிரிவினை. நிலத்தைக் கைக்குட்டை கைக்குட்டையாகக் கிழித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள், அனுபவிப்பது இவள். அதே கறுப்புப் பலகைக்கல் மண், அதே வெயில், அதே கிழட்டுக் கொடிகள். வேலி கிடையாது, வரப்பு கிடையாது. கீழே சாலையோரம் முதல் கம்பத்தில் மட்டும் அடையாளம்: அவளுடையதில் வெள்ளைப் பெயின்ட், அவனுடையதில் அந்தப் புட்டியின் நீலம். சரிவு செங்குத்தாக மேலே போக, ஒரு கை நீட்டினால் அவன் கொடி, மறு கை நீட்டினால் இவள் கொடி.

“கொடிங்க பண்ணின பாவம்” என்பாள் அந்த நாலு வரிசையைப் பார்த்து. “நல்ல குடும்பத்துல பொறந்து இவன் கையில மாட்டிக்கிச்சுங்க.” நாற்பது வருஷமாக இதையே சொன்னாள். அவன் காதில் விழும்படி சொன்னாள். எக்பெர்ட் கம்பத்தில் சாய்ந்து நின்று கேட்டுவிட்டு, “சாயந்திரம் பணியாரம் சூடா இருக்கும், வா ஹில்ட்ரூட்” என்பான். வெட்கம் கெட்டவன்.

இப்படி இருக்கும்போது அவளுக்கு இடுப்பு போயிற்று. டாக்டர் எலும்பை அறுத்து இரும்பு வைத்தார். இரும்பு வைத்த பிறகு அந்தச் சரிவில் ஏறுவது என்பது முடிகிற காரியம் இல்லை. மகன் கோப்ளென்ஸில் பல் டாக்டர். அவனுக்குக் கொடியும் ஒன்றுதான், கோரைப்புல்லும் ஒன்றுதான். மிச்சம் இருந்தது மகள் ஃப்ராங்கா. அவள் படித்துவிட்டுப் பத்து வருஷம் அம்மாவோடு வேலை செய்தாள். ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு நியூசிலாந்துக்குப் போனாள். அங்கே ஒரு பெரிய கம்பெனியின் நிலவறை முழுக்க அவள் பொறுப்பில் இருந்தது.

ஃப்ராங்கா வராவிட்டால் என்ன ஆகும் என்பது ஹில்ட்ரூட்டுக்கு ஜன்னலைத் திறந்தாலே தெரியும். எதிர்ச் சரிவில் வாரிசு இல்லாமல் விட்ட துண்டுகளில் முட்புதர் மண்டிக் கிடந்தது. புதருக்குள் கம்பங்கள் மட்டும் சாய்ந்து நிற்கும். கன்னியர்படி அப்படி ஆவதைப் பார்ப்பதற்குப் பதில் கண் போய்விட்டால் தேவலை என்று நினைப்பாள். ஆனால் மகளிடம் “வாடீ” என்று ஒரு வார்த்தை கேட்டாளா? கேட்கமாட்டாள். தொலைபேசியில் நியூசிலாந்து வைனை நையாண்டி செய்வாள். “நெல்லிக்காய் சர்பத் எப்படிப் போகுது?” என்பாள்.

அந்த வருஷம் செப்டம்பரில் ஃப்ராங்கா தானாக வந்து இறங்கினாள். விடுப்பில் வந்திருக்கிறாளா, வேலையை விட்டுவிட்டாளா என்று ஊருக்குத் தெரியவில்லை. “மார்ச்சுல கொடியை வளைச்சுக் கட்டற காலம் வரைக்கும் இருக்கேன். அப்புறம் சொல்றேன்” என்று மட்டும் சொன்னாள். ஹில்ட்ரூட்டுக்கு நெஞ்சு படபடத்தது. வாய் என்னவோ, “பெட்டியை நடையில வெக்காதே, கால் தடுக்குது” என்றது.

அக்டோபர் அருமையாக அமைந்தது. காலையில் ஆற்று மூடுபனி, மத்தியானம் வெயில். கன்னியர்படியில் தன்னுடைய நடு வரிசைகள் மூன்றை ஹில்ட்ரூட் தொடவிடவில்லை. மற்றதெல்லாம் பறித்து முடிந்த பிறகும் அந்த மூன்று மட்டும் பழுக்கட்டும் என்று விட்டுவைத்தாள். பழம் பொன் நிறமாகி, இங்கொன்றும் அங்கொன்றும் தோல் சுருங்கத் தொடங்கியிருந்தது. தினமும் சாலையோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து அண்ணாந்து பார்ப்பாள். ஃப்ராங்கா மேலே போய் ஒரு கொத்து கொண்டு வந்தால் ஒரு பழத்தை மென்று பார்த்து, “இன்னும் இல்ல” என்பாள்.

அவள் எலும்பு டாக்டரைப் பார்க்க ட்ரியர் போயிருந்த ஒரு நாளில்தான் அந்தக் கூத்து நடந்தது. ஃப்ராங்காதான் வண்டி ஓட்டிக்கொண்டு போனாள். எக்பெர்ட் அன்றைக்குத் தன் நாலு வரிசையைப் பறிக்க ஆள் அனுப்பினான். வழக்கமாகக் கீழிருந்து ஏறுவார்கள். அன்று சரிவில் ஓடுகிற ஒற்றைத் தண்டவாள வண்டியில் கூடைகளோடு உச்சிக்குப் போய், மேலிருந்து இறங்கினார்கள். உச்சியில் ஏது பெயின்ட்? எல்லைக்கல் ஒன்று இருக்கும், அதிலிருந்து எண்ண வேண்டும். போன மழையில் மேல்சுவர் சரிந்து அந்தக் கல் உருண்டு கிடந்தது. புதிதாக வந்த ருமேனியப் பையன்கள் உருண்ட கல்லிலிருந்து எண்ணினார்கள். ஹில்ட்ரூட் பழுக்க விட்டுவைத்த வரிசைகளை நுனியிலிருந்து அடிவரை வழித்துப் பறித்து முடித்துக் கீழே வந்து பார்த்தால், கம்பத்தில் வெள்ளைப் பெயின்ட்.

அதற்குள் பழம் எக்பெர்ட்டின் ஆலையில் பிழிந்தாகிவிட்டது. சாறு அவனுடைய பெரிய எஃகுத் தொட்டியில், பஸ் கூட்டத்து வைனோடு வைனாகக் கலந்தாகிவிட்டது.

சேதி கேட்டபோது ஹில்ட்ரூட் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தாள். “என் திராட்சை,” என்றாள், “ஐஸ் கட்டியோட போகப் போகுது.”

அந்த ஊரில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வரிசை தவறிப் பறிப்பது எல்லாக் குடும்பத்துக்கும் எப்போதாவது நடக்கிறதுதான். தவறியவன் வந்து மன்னிப்பு, கின்னிப்பு என்று வாய் திறக்கக் கூடாது. தன் சொந்த வரிசையிலிருந்து அதே அளவு பழத்தைத் தன் கையாலேயே பறித்து, முதுகுக்கூடையில் சுமந்து வந்து, மற்றவர் ஆலை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். கூடையை உள்ளே எடுத்துக்கொண்டால் விஷயம் முடிந்தது. பொழுது சாய்ந்தும் கூடை வெளியிலேயே இருந்தால், அந்த இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும் பேச்சு இல்லை.

மறுநாள் எக்பெர்ட் வந்தான். அறுபது தாண்டிய மனுஷன், பெருத்த உடம்பு. விடிந்ததிலிருந்து தன் நாலு வரிசையில் தானே பறித்து, கூடை கூடையாகச் சரிவில் இறக்கி, வாசலில் கொண்டுவந்து வைத்தான். ஒவ்வொரு முறையும் முகம் பீட்ரூட்டாகச் சிவந்து, மூச்சு இரைத்தது. ஒரு வார்த்தை பேசவில்லை. ஹில்ட்ரூட் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பன்னிக்குப் போடறதைக் கொண்டாந்து என் வாசல்ல கொட்டறான் பாரு,” என்றாள்.

“நல்ல பழம்மா,” என்றாள் ஃப்ராங்கா. “நான் பாத்துட்டுத்தான் வரேன்.”

“அவன் கை பட்டது என் ஆலைக்குள்ள வராது.”

“வழக்கம் ஒண்ணு இருக்கில்ல?”

“வழக்கம் மனுஷங்களுக்கு. அக்கார்டியன் வாசிக்கறவனுக்கு இல்ல.”

மத்தியானம் போயிற்று. கூடைகள் வரிசையாக வெளியில் நின்றன, குளவிகள் மொய்த்தன. தெருவில் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துக்கொண்டு போனார்கள். ரொட்டிக்கடைக்காரி ஹெட்விக் வேலையே இல்லாமல் இருமுறை அந்தப் பக்கம் நடந்தாள். வெயில் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில் ஃப்ராங்கா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், முதல் கூடையைத் தூக்கினாள். ஹில்ட்ரூட் தடுக்கவில்லை. ஆனால் உதவியும் செய்யவில்லை. மகள் தனியாகவே எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய்ப் பிழிந்து, நிலவறையின் கோடியில் சும்மா கிடந்த ஒரு சின்னப் பீப்பாயில் ஊற்றினாள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் கூழும். ஹில்ட்ரூட் தட்டைப் பார்த்தபடி, “அடை கருகிப் போச்சு” என்றாள். கருகியது உண்மைதான்.

ஃப்ராங்கா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “அம்மா, நான் ஏன் நியூசிலாந்து போனேன்னு உனக்குத் தெரியுமா?”

“சம்பளம் ஜாஸ்தின்னு போனே.”

“பத்து வருஷம் உன்கூட வேலை செஞ்சேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லா இருக்குன்னு சொல்லியிருக்கியா?”

“நல்லா இருந்தப்போ ஒண்ணும் சொல்லாம இருந்தேனே. அது என்னவாம்?”

“அது போதலைம்மா.” ஃப்ராங்காவின் குரல் உயரவில்லை. “நான் ஒண்ணு சொல்றேன், கேளு. அந்தச் சின்னப் பீப்பாய்ல நீ கை வெக்கக் கூடாது. அது என்னோடது. கொடி கட்டறதுக்கு முன்னால உனக்கு அதை ஊத்தித் தருவேன். கேவலமா இருந்தா கேவலம்னு சொல்லு. எனக்கு வருத்தமே கிடையாது. எங்க தப்புன்னு உங்கிட்ட கத்துக்கிட்டு இங்கயே இருந்துடறேன். நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லு. அப்பவும் இருந்துடறேன். எனக்கு வேண்டியதெல்லாம் உண்மை. எந்த வேலை வேணும்னாலும் செய்வேன், உண்மை இல்லாத வீட்ல மட்டும் என்னால வேலை செய்ய முடியாது.”

ஹில்ட்ரூட்டுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா என்று இருந்தது. “ருசி விஷயத்துல நான் பொய் சொல்லி நீ பாத்திருக்கியாடீ?”

“இல்ல,” என்றாள் ஃப்ராங்கா. “அதனாலதான் உங்கிட்ட கேக்கறேன்.”

அன்றைக்கு ஹில்ட்ரூட் நிம்மதியாகத் தூங்கினாள். மகள் தங்கப் போகிறாள். எக்பெர்ட்டின் பழம் எப்படியும் குப்பைதான். குப்பையைக் குப்பை என்று சொல்வது அவளுக்குக் கைவந்த கலை. இதைவிடச் சுலபமான பரீட்சை வேறு எது இருக்க முடியும்?

குளிர்காலம் முழுக்க நிலவறையில் நொதிக்கிற பீப்பாய்கள் தங்களுக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்தன. சின்னப் பீப்பாய் எல்லாவற்றுக்கும் கடைசியாக அடங்கியது. ஹில்ட்ரூட் அதன் பக்கமே திரும்பவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்து, பனி உருகி, கொடிகளை வெட்டிவிடுகிற வேலையும் தொடங்கியது. ஃப்ராங்கா காலையில் மேலே போய்ச் சாயந்திரம் இறங்கி வருவாள். கன்னம் சிவந்து, பசியோடு வருவாள். அவளைப் பார்க்கப் பார்க்க ஹில்ட்ரூட்டுக்கு மனசுக்குள் பெருமை பொங்கியது. “முட்டி அழுக்கோட சோபாவுல உக்காராதே” என்பாள்.

மார்ச்சில் ஒருநாள் காலை, ஃப்ராங்கா அம்மாவைக் கையைப் பிடித்து நிலவறைக்கு இறக்கினாள். இரண்டு கோப்பைகள், கண்ணாடிக் குழாய், துப்புவதற்கு ஒரு வாளி. பெரிய பீப்பாய்களிலிருந்து ஆரம்பித்தார்கள். எல்லாம் ஹில்ட்ரூட்டின் சொந்த வைன். வாயில் உருட்டி, வாளியில் துப்பினாள். “இது மெலிசு.” துப்பினாள். “இது பரவால்ல, ஆனா வால் இல்ல, ருசி நாக்குல நிக்கலை.” துப்பினாள். “இதை இன்னும் கொஞ்ச நாள் அப்படியே விடு.” ஃப்ராங்கா தலையாட்டிக்கொண்டு வந்தாள். அம்மாவும் மகளும் ஒரு வேலையைச் சேர்ந்து செய்கிற சுகம் அங்கே இருந்தது. இரண்டு பேருக்கும் அது தெரிந்தது.

பிறகு சின்னப் பீப்பாய். ஃப்ராங்கா குழாயை விட்டு எடுத்துக் கோப்பையில் இறக்கினாள். “எக்பெர்ட் மாமாவோட பழம்,” என்றாள். “செஞ்சது நான்.”

ஹில்ட்ரூட் குடித்தாள்.

பச்சை ஆப்பிளைக் கடித்தவுடன் பல்லில் ஏறுகிற கூச்சம் முதலில் வந்தது. அதன் பின்னால் ஒரு இனிப்பு, இருக்கிறதா இல்லையா என்று தேட வைக்கிற அளவு. அதற்கும் பின்னால் கன்னியர்படியே வந்தது, அந்தக் கறுப்புக் கல், அந்த மத்தியான வெயில். அவள் குறை தேடினாள். தலையில் பேன் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு இழையாக விலக்கித் தேடினாள். ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த நிலவறையில் இப்படி ஒன்று விளைந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஆர்னுல்ஃப் கையால்கூட ஒருமுறையோ இருமுறையோதான். வாயில் வைத்திருந்தது தானாக உள்ளே இறங்கிவிட்டது, இறங்கிய பிறகும் நாக்கைவிட்டுப் போகவில்லை.

ஃப்ராங்கா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நல்லா இருக்கு. இரண்டே வார்த்தை. ஹில்ட்ரூட்டுக்கு அது தொண்டை வரை வந்துவிட்டது. ஆனால் அந்தக் கணத்தில் எக்பெர்ட்டின் மூஞ்சி வந்து குறுக்கே நின்றது. இதைச் சொன்னால் சாயந்திரத்துக்குள் அவனுக்குத் தெரியும். நாளைக் காலையில் ரொட்டிக்கடைக்குத் தெரியும். கோல்மன் வீட்டு நிலவறையில் இருப்பதிலேயே நல்ல வைன் ஷூஸ்லர் வரிசையில் விளைந்ததாம் என்பார்கள். நாற்பது வருஷமாக அந்த நாலு வரிசையைப் பார்த்து அவள் சொன்னதெல்லாம் என்ன ஆவது? அது மட்டும் என்றால்கூட விழுங்கியிருப்பாள். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது, அதுதான் சுட்டது. அவள் தொடாமல், ஒரு யோசனைகூடச் சொல்லாமல், அவள் வேண்டாம் என்று வாசலில் போட்ட பழத்தில் மகள் இதைச் செய்திருக்கிறாள்.

“பாத்திரம் கழுவின தண்ணி,” என்றாள் ஹில்ட்ரூட்.

ஃப்ராங்கா வாளியைப் பார்த்தாள்.

“நீ துப்பலையேம்மா.”

“என்னது?”

“உன் சொந்த வைனையெல்லாம் துப்பினே. இதைத் துப்பலை.”

“தொண்டை வறண்டிருந்துச்சு.”

“சரி,” என்றாள் ஃப்ராங்கா.

அவ்வளவுதான். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள். அம்மாவைக் கையைப் பிடித்துப் படியில் ஏற்றிவிட்டாள். சாயந்திரம் மாடியில் பெட்டி இழுக்கிற சத்தம் கேட்டது. ஹில்ட்ரூட் சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போய்ச் சொல்லிவிடலாம், இன்னும் நேரம் இருக்கிறது என்று ஒவ்வொரு சத்தத்துக்கும் நினைத்தாள். ஃப்ராங்கா வந்து, “போயிட்டு வரேம்மா” என்று கன்னத்தில் முத்தம் கொடுத்தபோது, “ஏர்ப்போர்ட்ல அந்த வெந்த அட்டை ரொட்டியை வாங்கித் தின்னாதே” என்றாள். தன் வாயைத் தானே கேட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நியூசிலாந்து தூரம். ஃபோன் செய்தால் எடுப்பாள், நெல்லிக்காய் சர்பத் பற்றி ஏதாவது சொல்லிப் பேச்சைத் தொடங்கலாம், பிறகு மெதுவாக அதையும் சொல்லிவிடலாம் என்றெல்லாம் அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வாரம் முடிவதற்குள் ரொட்டிக்கடையில் ஹெட்விக் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

“உனக்கென்னம்மா, பொண்ணு ஊரோட இருந்துட்டா. எக்பெர்ட் கன்னியர்படி நாலு வரிசையையும், கீழ இருக்கற துண்டையும் அவளுக்குக் குத்தகைக்குக் குடுத்துட்டானாமே. மாடி அறையையும் ஒழிச்சுக் குடுத்திருக்கான். நீ சொல்லவே இல்லை பாரு.”

ஹில்ட்ரூட் சில்லறையை வாங்கிக்கொண்டாள். “சொல்றதுக்கு என்ன இருக்கு,” என்றாள்.

கடையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை. கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஆற்றோரச் சாலையில் நேராக நடந்தாள். ஷூஸ்லர் முற்றத்தில் எக்பெர்ட் மேஜைகளுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் தூரிகையைக் கீழே வைத்து எழுந்தான்.

“நான் கூப்பிடலை ஹில்ட்ரூட். அவளா வந்து கேட்டா.”

“நீ கூப்பிட்டிருந்தா வந்திருக்கமாட்டா. அவ்வளவு அறிவு அவளுக்கு இருக்கு.”

அவன் அதை எப்போதும் போலத் துடைத்துப் போட்டான். “அந்த வைன்ல ஒரு கோப்பை கொண்டாந்து குடுத்தா. குடிச்சுட்டு எனக்கு அழுகையே வந்துடுச்சு. என் கொடியில இப்படி ஒண்ணு இருந்திருக்கு, எனக்கே தெரியலை பாரு. நான் அதைப் போய் நீலப் புட்டியில அடைச்சிருக்கேன்.” கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. “நீ நாப்பது வருஷமா அந்தக் கொடிங்க நல்ல குடும்பம்னு சொல்லிட்டுத்தான் இருந்தே. நான்தான் காதுல போட்டுக்கலை.”

ஹில்ட்ரூட் திரும்பிக் கன்னியர்படியை நோக்கி நடந்தாள்.

வானம் மூடியிருந்தது. தூறல் விழுந்து நின்றிருந்தது. கொடியை வளைத்துக் கட்டுவதற்கு அதுதான் நாள், காய்ந்த நாளில் வளைத்தால் ஒடிந்துவிடும். கன்னியர்படியில், பாதி உயரத்தில், ஃப்ராங்காவின் மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்தது. ஹில்ட்ரூட் அண்ணாந்து பார்த்தாள். கைத்தடியைச் சாலையோரம் போட்டாள். வெள்ளைப் பெயின்ட் அடித்த முதல் கம்பத்தைப் பிடித்தாள். அடுத்த கம்பத்தைப் பிடித்தாள். கல் சரசரவென்று காலடியில் நழுவியது. இரும்பு வைத்த இடுப்பு ஒவ்வொரு எட்டுக்கும் உயிர் போகிற மாதிரி வலித்தது. நல்லா இருந்துச்சு, நல்லா இருந்துச்சு என்று மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டே ஏறினாள். சொல்லிப் பழகாத வார்த்தை, மேலே போவதற்குள் வாய்க்குப் பழகட்டும் என்று சொன்னாள்.

மகளுக்குப் பக்கத்து வரிசை வரை வந்துவிட்டாள். ஒரு கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள். ஃப்ராங்கா ஒரு கொடியை மெதுவாகக் கம்பத்தைச் சுற்றி வளைத்து, இதய வடிவில் இறக்கி, நுனியைக் கட்டிக்கொண்டிருந்தாள். அம்மா ஏறி வருவதை முதலிலிருந்தே பார்த்திருக்க வேண்டும். கை நிற்கவில்லை.

ஹில்ட்ரூட் வாயைத் திறந்தாள். கண் கொடியின் மேல் இருந்தது.

“நுனி தூக்கிக்கிட்டு நிக்குது,” என்றாள். “இன்னும் கீழ இழுத்துக் கட்டணும்.”

ஃப்ராங்கா முடிச்சை இறுக்கினாள். நுனியை விரலால் ஒருமுறை அசைத்துப் பார்த்தாள்.

“இது எக்பெர்ட் மாமா வரிசைம்மா,” என்றாள், கோபமே இல்லாமல். “அவருக்கு இது போதுமாம்.”

சொல்லிவிட்டு அடுத்த கொடிக்கு நகர்ந்தாள். ஹில்ட்ரூட் கம்பத்தை விடாமல் நின்றாள். அவள் பிடித்திருந்த கம்பத்திலும், அதற்கு அந்தப் பக்கம் அவளுடைய மற்ற வரிசைகளிலும், கொடிகள் கட்டுவார் இல்லாமல் எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டு நின்றன.